விடிந்தால் மலை, வெயில் ஏறினால் இலை: மதுரையில் கூட்டாளியோடு இரண்டு நாள்

மதுரையைச் சுற்றி நிற்கும் மலைகள் பெரிய உயரம் இல்லை. பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். நிதானமாக ஏறினாலும் ஒரு மணி நேரத்தில் உச்சியில் நிற்கலாம். அதனாலேயே நிறைய பேர் இவற்றைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு கொடைக்கானலுக்கு வண்டியை விடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய எழுத்து இருக்கும் பாறையில் விடியலைப் பார்த்துவிட்டு, ஒன்பது மணிக்குள் ஊருக்குள் வந்து சுடச்சுட இட்லி சாப்பிட முடிகிற ஊர் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது?

நானும் என் கல்லூரிக் கூட்டாளியும் வருடம் ஒருமுறையாவது இப்படி ஒரு சனி, ஞாயிறை ஒதுக்கிவிடுவோம். அவன் இருப்பது கோயம்புத்தூரில், நான் மதுரையில். பலமுறை போய்ப் பார்த்ததில் எங்களுக்குப் பிடிபட்ட கணக்கு ஒன்றுதான்: அட்டவணையை வெயிலிடமும் பசியிடமும் விட்டுவிட வேண்டும். வெயில் வருவதற்கு முன் மலையை முடி, வெயில் நேரத்தில் சாப்பிட்டுத் தூங்கு, பொழுது சாய்ந்ததும் மறுபடி வெளியே வா. இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கில்தான் போகிறது.

எப்போது, யாரோடு

கார்த்திகைக் கடைசியில் தொடங்கி மாசி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாறை வழுக்கும். பாசி பிடித்த இடத்தில் எவ்வளவு நல்ல ஷூவும் நிற்காது. பங்குனி பிறந்துவிட்டால் காலை எட்டரைக்கே பாறை சுட ஆரம்பிக்கும். சித்திரையில் திருவிழாக் கூட்டம் வேறு. அறை கிடைப்பதே கஷ்டம். தை மாதம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பலாம். பனி இருக்கும், கண்மாயில் தண்ணீர் இருக்கும், வயல் பச்சையாக இருக்கும்.

யாரோடு என்பதில் ஒரே ஒரு விஷயம் சொல்வேன். இரண்டு பேரில் யார் மெதுவாக நடப்பவரோ, அவர் முன்னால் போகட்டும். இதை நாங்கள் கற்றுக்கொண்டது யானைமலையில். ஒரு சித்திரை மாதம், ஒத்தக்கடையில் டீ குடித்துவிட்டு எட்டரைக்கு ஏற ஆரம்பித்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு லிட்டர் தண்ணீர். எனக்கு ஏறிப் பழக்கம், அவனுக்கு இல்லை. நான் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டேன். பதில் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தால், அவன் நாற்பது அடி கீழே பாறையில் குந்தியிருக்கிறான், முகமெல்லாம் வெளுத்து. தலை சுற்றுகிறது என்றான். தண்ணீர் அதற்கு முன்பே தீர்ந்திருந்தது. ஒரு பாறை நிழலுக்கு அவனை மெல்லக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் தூக்குவாளியில் வைத்திருந்த மோரை அப்படியே அவன் கையில் கொடுத்தார். "வெயிலுக்கு முன்னாடி ஏறணும்ப்பா, வெயிலோட ஏறக் கூடாது" என்றார். அன்றைக்குப் பிறகு அவன்தான் எப்போதும் முன்னால். நான் பின்னால்.

வெள்ளி இரவு: பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். இதில் பேரமே இல்லை. கூடவே உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, கடலைமிட்டாய் ஒரு பாக்கெட், நாலு வாழைப்பழம், தொப்பி, ஒரு துண்டு, டார்ச். அடிப்பக்கம் நல்ல பிடிமானம் உள்ள ஷூ போதும். மலை ஏறுவதற்கென்றே விற்கும் விலை உயர்ந்த ஷூ இந்த மலைகளுக்குத் தேவையில்லை. தேய்ந்த செருப்பு மட்டும் வேண்டாம்.

வாசனைத் தைலம், சென்ட் எதுவும் போட்டுக்கொள்ளாதீர்கள். இங்கே துருத்திக்கொண்டிருக்கும் பாறை விளிம்புகளில் மலைத்தேனீ பெரிய பெரிய அடைகளாகத் தொங்கும். வாசனையும் புகையும் அதைக் கலைத்துவிடும். சிகரெட், தீ, கல்லெறிவது, கத்துவது எல்லாவற்றுக்கும் இதே காரணத்துக்காகத் தடை.

ஊருக்கு வெளியே இருந்து வருபவர்கள் பெரியார் பேருந்து நிலையம் பக்கமோ மாட்டுத்தாவணி பக்கமோ அறை எடுக்கலாம். நான் சொல்வது பெரியார் பக்கம். சாப்பாடு எல்லாம் நடக்கிற தூரத்தில். வண்டி ஒன்று இருப்பது மிக முக்கியம். விடியற்காலை நேரத்துக்குப் பேருந்தை நம்ப முடியாது. இரவு லேசாகச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். நாளை இரவு இருக்கிறது, அவசரம் வேண்டாம்.

சனி விடியல்: கீழக்குயில்குடி சமணர்மலை

ஐந்து மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். காளவாசல் தாண்டித் தேனி சாலையில் போய், நாகமலைப் புதுக்கோட்டைக்கு முன்பே இடப்பக்கம் பிரிய வேண்டும். கீழக்குயில்குடி என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். மலையடிவாரத்தில் அய்யனார் கோயில், பக்கத்தில் தாமரைக் குளம், விழுது விட்ட ஆலமரங்கள். வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு ஏறலாம்.

பாறையில் படி வெட்டியிருக்கிறார்கள். பேச்சிப்பள்ளம் வரை குழந்தைகள்கூட ஏறிவிடும். பதினைந்து, இருபது நிமிடம். சின்னச் சுனை ஒன்று, அதன் மேலே நீளமான பாறை முகம், அதில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். ஐந்தலைப் பாம்பு குடை பிடிக்க நிற்பவர் பார்சுவநாதர், சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களில் ஒருவர். மேலெல்லாம் கொடி படர நிற்பவர் சமணத் துறவி பாகுபலி. சிற்பங்களின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் யார் செய்வித்தது என்று வெட்டியிருக்கிறார்கள். 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. சூரியன் எழுந்து ஒளி சாய்வாக விழும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் எழுத்துகள் பாறையிலிருந்து எழும்பி வரும். நடுப்பகலில் போனால் தட்டையான கல்தான் தெரியும். ஒருமுறை என் கூட்டாளி ஒரு எழுத்தின் மேல் விரலை வைக்காமல், காற்றிலேயே அதன் சுழிவைப் பின்தொடர்ந்து வரைந்துகொண்டிருந்தான். "மாப்ள, இந்த எழுத்துல நேர்கோடே இல்லைடா" என்றான். கல்லில் உளி பிடித்தவன் அத்தனை வளைவையும் எப்படி வெட்டினான் என்று அன்றைக்குப் பூராவும் பேசினோம்.

அதில் ஒரு சிற்பத்தைத் தேடிப் பாருங்கள். அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் குணமதியார் பெயரில் அமைந்த திருமேனி. அச்சணந்தியின் பெயர் மதுரையைச் சுற்றிப் பல மலைகளில் வரும். நாளைக்கு அவர் பெயரையே மறுபடி பார்க்கப் போகிறோம். தாயின் பெயரை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு மகனிடம் போவது எனக்குப் பிடித்த வரிசை.

பேச்சிப்பள்ளத்துக்கு மேலே சரிவு கூடும். மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின் அடித்தளம் மேலே கிடக்கிறது. இன்னும் ஏறினால் உச்சியில் ஒரு விளக்குத்தூண், பக்கத்தில் கன்னடக் கல்வெட்டு. கன்னட நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து போன மலை என்பதற்கு அதுவே சாட்சி. உச்சியில் இருந்து மேற்கே நாகமலை நீண்டு கிடப்பது தெரியும், கிழக்கே ஊர், பனி விலகினால் கோபுரங்கள்.

இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். ஏறும்போது விழுந்தவர்களைவிட இறங்கும்போது விழுந்தவர்களே அதிகம் என்பது நான் பார்த்த அளவில். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, பாதம் முழுவதும் பாறையில் பதிய, நேராக இறங்காமல் குறுக்காக வளைந்து வளைந்து வாருங்கள். குதிகாலை ஊன்றினால் வழுக்கும். சந்தேகமான இடத்தில் கூச்சப்படாமல் உட்கார்ந்து நகருங்கள்.

கீழே வந்ததும் நேராக வண்டிக்குப் போய்விடாதீர்கள். மலையைச் சுற்றித் தென்மேற்குப் பக்கம் போனால் செட்டிப்புடவு. குகை முகப்பில் பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். உள்ளே குனிந்து நுழைந்து மேலே பாருங்கள். குகையின் வளைந்த விதானத்தில் சிங்கத்தின் மேல் அமர்ந்து வில் பிடித்த இயக்கி என்ற சமணப் பெண் தெய்வம், எதிரே யானை மேல் வரும் வீரன். அமைதியே உருவான தீர்த்தங்கரர்கள் பக்கத்தில் இப்படி ஒரு போர்க்காட்சி! கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் சிங்கத்தின் பிடரி வரை தெரியும். தொடாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். ஆயிரம் வருடம் நின்றதில் சிலர் பெயர் கீறி வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சனி பகல் முதல் இரவு வரை: சாப்பாடு

ஒன்பது மணிக்குப் பசி கொன்றுவிடும். காலைக்கு இட்லி, பொங்கல், வடை போதும். மதுரையில் காலையிலேயே இட்லிக்குக் குடல் குழம்பு ஊற்றித் தரும் கடைகளும் உண்டு. அதை விரும்புபவர்களுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன், ஆனால் இன்று நாள் நீளமானது. காபிக்கு மேலச் சித்திரை வீதியில் கோபு அய்யங்கார் கடை. மாலையில் போனால் வெள்ளையப்பமும் காரச் சட்னியும் கிடைக்கும்.

அறைக்குப் போய்க் குளித்து, ஒரு மணிக்கு இலை முன்னால் உட்காருங்கள். மதியம் அசைவச் சாப்பாடு என்றால் ஒரு விஷயம் மட்டும் கேட்டுப் பாருங்கள்: அயிரை மீன் குழம்பு இருக்கிறதா? விரல் நீளம்கூட இருக்காது இந்த மீன். உயிரோடு பாலிலோ உப்புத் தண்ணீரிலோ விட்டு, வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்க வைத்து, முழுசாகக் குழம்பில் போடுவார்கள். முள்ளோடு சாப்பிடலாம். எல்லா நாளும் கிடைக்காது. இருந்தால் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கிண்ணம் வாங்குங்கள், பங்கு போட முயன்றால் சண்டை வரும். கூட மட்டன் சுக்கா ஒன்று. நிறைய வாங்கிக் குவிக்க வேண்டாம். சாப்பிட்டதும் தூக்கம். நாலு மணி வரை வெளியே வராதீர்கள்.

நாலரைக்கு ஊருக்குள் இருக்கும் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. இரவு முழுக்க ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். அவசரமாகக் குடிக்காமல், அடியில் இருக்கும் பிசினைக் கரண்டியால் எடுத்து எடுத்துச் சாப்பிட வேண்டும். வெயிலில் அலைந்த உடம்புக்கு அது உடனே தெரியும். அப்புறம் மாசி வீதிகளில் நடங்கள். பூக்காரம்மாக்களிடம் மல்லி வாங்கலாம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது தெரியாவிட்டாலும் மொட்டின் கெட்டி இதழே சொல்லிவிடும்.

இரவு கறி தோசை. இதைச் சொல்லாமல் மதுரை பற்றி எழுத முடியாது. சிம்மக்கல்லில் இருக்கும் கோனார் மெஸ் இதற்குப் பேர்போனது. ஆனால் எந்தக் கடையாக இருந்தாலும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று போடுவதைப் பாருங்கள் என்பேன். மாவைத் தடியாக, ஊத்தப்பம் மாதிரி ஊற்றுகிறார். மாவு மேலே ஓட்டை ஓட்டையாக வரும்போது முட்டையை உடைத்து ஊற்றி, கரண்டியின் முதுகால் விளிம்பு வரை பரப்புகிறார். முட்டை பாதி வேகும்போதே, மசாலாவில் வெந்த கொத்துக்கறியை ஒரு கை அள்ளி மேலே கொட்டி அமுக்குகிறார். சுற்றிலும் எண்ணெய். பிறகு ஒரே திருப்பு. கறி கல்லில் பட்டதும் சத்தம் மாறும். மாவு ஊற்றும்போது கேட்டதைவிடக் கனமான, கொஞ்சம் கோபமான சத்தம். மிளகும் வெங்காயமும் கருகும் வாசனை அப்போதுதான் எழும். தட்டுக்கு வரும்போது அடியில் மெத்தென்ற தோசை, நடுவில் முட்டை, மேலே ஓரம் கருகிய கறி. ஒருவருக்கு ஒன்று போதும். இரண்டாவதைக் கேட்பவர்கள் நாளைக் காலை ஐந்து மணியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தூங்கப் போகும் முன் எங்காவது பித்தளைப் பானை வைத்துப் பருத்திப்பால் விற்பவரைக் கண்டால் நின்றுவிடுங்கள். பருத்தி விதையை ஊற வைத்து, ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சியது, மேலே தேங்காய்ப்பூ. நடந்து அலுத்த காலுக்கும் தைப் பனிக்கும் இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

ஞாயிறு விடியல்: அரிட்டாபட்டி

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் சாலை. போகும் வழியில் ஒத்தக்கடையில் யானைமலை இருட்டில் படுத்த யானையாகவே தெரியும். மேலூருக்கு முன்பே இடப்பக்கம் பிரிந்து உள்ளே போக வேண்டும். நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, பக்கத்து மீனாட்சிபுரம் இரண்டையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு சிறு மலைகள், எழுபத்துச் சொச்சம் குளம் கண்மாய்கள், பாறையில் ஊறும் ஏராளமான சுனைகள், சுமார் 250 வகைப் பறவைகள். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட பகுதிக்குள் இந்த ஊரும் வந்தபோது, சுற்றுவட்டார மக்கள் சாலையில் இறங்கினார்கள். மேலூர் பக்கத்திலிருந்து மதுரை வரை ஆயிரக்கணக்கில் நடந்து வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. இந்தப் பாறையில் கால் வைக்கும்போது எனக்கு அந்த நடைதான் நினைவுக்கு வரும்.

அதனால் முதல் வேலை, ஊர்க்காரர்கள் யாரையாவது பார்த்து, மலைக்குப் போகிறோம் என்று சொல்வது. டீக்கடையில் சொன்னால் போதும். எந்தப் பக்கம் தேனடை இருக்கிறது, எந்தச் சுனையில் தண்ணீர் இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். அண்ணே, அக்கா என்று கேட்டால் கூடவே ஒரு பையனை அனுப்பி வைப்பவர்களும் உண்டு.

முதலில் குடைவரைக் கோயில். ஊரில் இடைச்சி மண்டபம் என்பார்கள். பாறையைக் குடைந்து உள்ளே லிங்கம். முகப்பில் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் இலகுலீசர். சைவத்தின் பாசுபத நெறிக்குக் குருவான இலகுலீசரைத் தமிழ்நாட்டில் பார்ப்பது அபூர்வம், நின்று பாருங்கள். அங்கிருந்து கழிஞ்சமலைப் பக்கம் போனால் சமணத் துறவிகளுக்குப் பாறையில் வெட்டிய படுக்கை, தமிழி என்ற தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு, பாறையில் ஒரு தீர்த்தங்கரர். அந்தத் தீர்த்தங்கரரைச் செய்வித்தவர் அச்சணந்தி. நேற்று தாயார், இன்று மகன்.

மேலே ஏறினால் சத்தத்தைக் குறைத்து ஒரு நிழலில் உட்காருங்கள். லகர் வல்லூறு, ஷாஹின் வல்லூறு, போனெல்லி கழுகு எல்லாம் இந்தப் பாறை முகங்களை நம்பி வாழ்பவை. தை, மாசி கூடு கட்டும் காலம். அதனால் செங்குத்துப் பாறை விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்க்காதீர்கள். டிரோன் பறக்க விடவே வேண்டாம். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வல்லூறு பாய்வது கண்ணுக்குத் தெரியும். நாங்கள் ஒருமுறை முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ஒரு பறவை மலைக்குப் பின்னாலிருந்து வந்து, எங்களுக்குக் கீழே, ஆமாம் கீழே, பறந்து போனது. அதன் முதுகில் வெயில் பட்டதைப் பார்த்தோம். பறவையின் முதுகை அதுவரை நான் பார்த்ததே இல்லை.

எட்டரைக்கு இறங்கிவிடுங்கள். பொந்துகளில் கை விடாதீர்கள், கொண்டுபோன காகிதமும் பாட்டிலும் உங்களோடு திரும்ப வேண்டும். மாங்குளம் ஓவாமலை பக்கத்தில்தான் இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழிக் கல்வெட்டு அங்கே. ஆசை வரும். அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு முற்பகல்: அழகர்மலை

மேலூர் அழகர்கோவில் சாலையைப் பிடித்தால் நேராக அழகர்கோவில் கோட்டைக்கு வந்துவிடலாம். இங்கே வெயில் பிரச்சினை குறைவு, மரம் இருக்கிறது. காலில் வலு இருந்தால் வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு மலைச் சாலையில் நடங்கள். பழமுதிர்சோலை வரை சுமார் 3 கிலோமீட்டர், அதற்கும் மேலே நூபுர கங்கை. சாப்பாட்டுப் பையை வெளியே தெரியும்படி வைத்திருந்தால் குரங்கு பறித்துவிடும். பறித்தால் விட்டுவிடுங்கள், இழுக்காதீர்கள்.

நூபுர கங்கைக்குச் சிலம்பாறு என்று தமிழ்ப் பெயர் உண்டு. ராக்காயி அம்மன் காவல். அழகருக்குத் திருமஞ்சனம் இந்தத் தண்ணீரில்தான். வேறு தண்ணீர் பட்டால் சிலை கறுத்துவிடும் என்பது இங்கே வழிவழியாகச் சொல்வது. இரண்டு நாள் பாறைப் புழுதியோடு அந்தத் தண்ணீரில் தலையைக் கொடுத்தால், முதல் வாளி உறைய வைக்கும். இரண்டாவதுக்கு நீங்களே வரிசையில் நிற்பீர்கள்.

இறங்கி, பதினெட்டாம்படிக் கருப்பர் வாசலில் நின்று கும்பிடுங்கள். சந்தனம் பூசிய கதவுதான் சாமி. பிறகு கோயில் பிரசாதக் கடையில் சம்பா தோசை. பச்சரிசியும் தோல் உளுந்தும் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு போட்டு, நெய்யில் தடியாக வேக வைத்தது. ஓரம் முறுமுறுவென்று, நடு அழுத்தமாக இருக்கும். ஒரு தோசையைப் பிய்த்து இரண்டு பேர் சாப்பிட்டாலே வயிறு நிறையும். சட்னி தேட வேண்டாம், தேவைப்படாது.

சாப்பிட்டது போக இன்னும் மூன்று வாங்குங்கள். நாலைந்து நாள் கெடாது. என் கூட்டாளி ஒன்றைத் தனியாக இலையில் சுற்றி, பையின் மேல் அறையில், நசுங்காதபடி வைத்துக்கொள்வான். அவன் அம்மாவுக்கு. கோயம்புத்தூர்ப் பேருந்து ஆரப்பாளையத்தில். மூன்று மணிக்கு ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா தட்டில் தோசை இருக்கும்.